மலிவு யாருடைய கொடை?
பாலைநகர் வாழ்வு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

வாழிடத்தைத் தாமே தெரிவுசெய்யும் வாய்ப்பு மனிதகுலத்தின் பெரும்பகுதியினர்க்கு என்றும் இருந்ததில்லை. நீர் கிடைத்த இடத்திலே குடியிருப்பு அமைந்தது. நிலம் உள்ள இடத்திலே உழவன் தங்கினான். ஆலை எழுந்த இடத்தை நாடித் தொழிலாளி பெயர்ந்தான். தொழில் செய்யும் இடமும், ஊதியம் பெறும் இடமும், அவ்வூதியத்தைச் செலவிடும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்துவந்தன. இணையமும் மடிக்கணினியும் இம்மூன்றையும் ஒன்றினின்று ஒன்று பிரித்துவிட்டன. பேர்லின் நகரிலுள்ள நிறுவனமொன்றுக்கு நிரல் எழுதும் ஒருவர், அந்நகருக்குரிய ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு, அதனை ஆபிரிக்காவின் பாலைநிலத்து ஊரொன்றிலே செலவிட்டு வாழ்தல் இன்று இயல்வதாயிற்று. 2020ஆம் ஆண்டிலே கொவிட் பெருந்தொற்று அலுவலகங்களை மூடச்செய்ததன் பின்னர் இவ்வாழ்க்கைமுறை மேலும் பரவியது. இவ்வாறு வாழ்வோரை ‘டிஜிற்றல் நாடோடிகள்’ என்று அழைப்பர்.

ஓரிடத்தின் மலிவைக் கருதி அங்கு வாழச் செல்பவர்க்கு, அவ்விடத்து மக்கள்பால் கடப்பாடு ஏதேனும் உண்டா? உண்டெனின் அது எத்தகையது? இவ்வினாவை எகிப்தின் லக்சர் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லக்சர், பண்டைய தீப்ஸ் நகரம் விளங்கிய இடமாகும். நைல் நதியின் கிழக்குக் கரையிலே கர்ணாக் கோயிலும், மேற்குக் கரைக்கு அப்பால் மன்னர் பள்ளத்தாக்கும் அமைந்துள்ளன. அங்கு மழை என்பது ஏறத்தாழ இல்லையென்றே கூறலாம். சனவரியிலே பகல் வெப்பம் 23 பாகை செல்சியஸ் அளவில் இதமாக இருக்கும். யூன் தொடக்கம் ஓகஸ்ற் வரை அது 40 பாகையைத் தாண்டிவிடும். மேற்குக் கரையின் வயல்களை அடுத்து வாடகைக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஐரோப்பிய நகரொன்றிலே ஓர் அறைக்குக் கொடுக்கவேண்டிய வாடகையைவிடக் குறைந்த தொகைக்கு, இங்கு மொட்டைமாடியோடு கூடிய வீடே கிடைக்கும். வெயிலும் ஆறும் மலிவும் ஒருங்கே அமைந்த ஊரென இதனைப் புகழ்வோர் பலர். இம்மூன்றனுள் வெயிலும் ஆறும் இயற்கை தந்தவை. மலிவும் அத்தகையதுதானா?

1. மலிவு என்பதன் பொருள்

மலிவை ஓர் ஊரின் பண்பாகக் கூறுவது பேச்சுவழக்கு. ஆராய்ந்து நோக்கின், மலிவு ஊரிலே இல்லை. இரு வருமானங்களுக்கிடையிலான தூரத்திலேயே அது உள்ளது. லக்சரிலே பிறந்து, அங்குள்ள பாடசாலையிலே கற்பித்து, எகிப்திய பவுணிலே சம்பளம் பெறும் ஆசிரியருக்கு லக்சர் மலிவான நகரன்று.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறத்தாழ 16 எகிப்திய பவுணாக இருந்தது. 2024 மார்ச் 6ஆம் திகதி எகிப்திய மத்திய வங்கி நாணயத்தை மிதக்கவிட்டதும் அது 50 பவுணை அண்மித்தது. அதே நாளில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஏற்பாடு 300 கோடி டொலரிலிருந்து 800 கோடி டொலராக உயர்த்தப்பட்டது. இதற்கு முன்னரே, 2023 செப்ரெம்பரிலே, நகர்ப்புறப் பணவீக்கம் 38 சதவீதத்தை எட்டியிருந்தது. 2024 யூனிலே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறாதிருந்த மானிய ரொட்டியின் விலை 5 பியாஸ்தரிலிருந்து 20 பியாஸ்தராக்கப்பட்டது. 1977 சனவரியிலே உணவு மானியங்களைக் குறைக்க முற்பட்டபோது எழுந்த பெருங்கலகம் காரணமாக சதாத் அரசு தன் முடிவைக் கைவிட நேர்ந்தது என்பதை நினைவுகூரின், ரொட்டியின் விலை அந்நாட்டிலே எத்துணை பாரதூரமானது என்பது புலப்படும்.

ஒரே நிகழ்ச்சி இருவருக்கு இரு பெயர் பெறுகின்றது. பவுணிலே வாழ்பவர் அதனை விலையேற்றம் என்கின்றார்; டொலரிலே வாழ்பவர் அதனையே மலிவு என்கின்றார். ஆகவே மலிவானது, அதனைப் பெறுவோர் அறியாதவாறு வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கும் கொடையாகும். கொடுப்பவர் விரும்பிக் கொடுக்கவில்லை என்பதே இதன் சிக்கல்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு முரண்பாடும் உண்டு. வறிய நாடுகளிலிருந்து இணையவழிப் பணிபுரிவோருக்குக் குறைந்த ஊதியம் வழங்கும் நிறுவனங்கள், அங்கு வாழ்க்கைச் செலவு குறைவென்பதைக் காரணமாகக் காட்டும் வழக்கம் உள்ளது. அவ்வாறாயின், லக்சரிலே பிறந்த இளைஞனும் அங்கு வந்து தங்கிய ஐரோப்பியரும் ஒரே வேலையைச் செய்யும்போது, இளைஞனின் ஊதியத்தைக் குறைக்கும் அம்மலிவு, ஐரோப்பியரின் ஊதியத்தை மட்டும் குறையாது விடுவது எவ்வாறு? காரணம் வாழ்க்கைச் செலவன்று; பிறப்பும் கடவுச்சீட்டுமே காரணம் என்பது இதனாற் பெறப்படும்.

2. நாடோடி என்னும் பெயர்

இவ்வாழ்க்கையினர்க்கு நாடோடி என்ற பெயர் எத்துணை பொருந்தும் என்பதும் ஆராய்தற்குரியது. பாலைநிலத்து நாடோடிகளைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவருள் தலையாயவர் இப்னு கல்தூன். 1377ஆம் ஆண்டிலே ‘முகத்திமா’வை எழுதிய அவர், தம் இறுதிக் காலத்தை எகிப்திலே கழித்து, 1406ஆம் ஆண்டிலே கெய்ரோவிற் காலமானார். பாலைவாழ்க்கையைத் தாங்கிநிற்பது ‘அஸபிய்யா’ எனப்படும் குழுப்பிணைப்பே என்பது அவர் கருத்து. பாலை தனிமனிதனுக்கு இடமளிப்பதில்லை. புல்லையும் நீரையும் தேடிப் பெயரும் கூட்டம், எந்தக் கிணறு யாருடையது, வழிப்போக்கனுக்கு எத்துணை நீர் உரியது என்னும் நெறிகளை அறிந்தே பெயர்ந்தது. பெயர்வுதோறும் கடப்பாடும் உடன்சென்றது.

இன்றைய நாடோடி தனியே பெயர்கின்றார். மேய்ப்பன் வறட்சிக்கு அஞ்சிப் பெயர்ந்தான். இவர் இன்னும் இதமான இடத்தை விரும்பிப் பெயர்கின்றார். ஐப்பசியிலே லக்சருக்கு வருபவர் சித்திரை முடிவதற்குள் புறப்பட்டுவிடலாம். கோடையோ ஊராருக்கு எஞ்சுகின்றது. 2023, 2024ஆம் ஆண்டுகளின் கோடையிலே, எரிவாயு உற்பத்தி குறைந்தமையாலும் மின்தேவை பெருகியமையாலும், எகிப்திலே நாளாந்த மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. 40 பாகை வெப்பத்திலே மின்விசிறி நின்றுபோன வீட்டிற் குழந்தையையும் முதியோரையும் வைத்திருப்போருக்கு அது வெறும் வசதிக்குறைவன்று. ஓரிடத்திலே வாழ்தல் என்பது அவ்விடத்தின் இன்பங்களை நுகர்தல் மாத்திரமன்று. அங்கு தப்பமுடியாதவற்றைப் பிறரோடு பகிர்தலுமாகும். வாயிற்கதவின் திறவுகோலை எந்நேரமும் கையிலே வைத்திருப்பவரைக் குடியிருப்பவர் என்பதிலும் விருந்தினர் என்பதே தகும்.

3. விருந்தினரின் உரிமையும் எல்லையும்

விருந்தினர் என்ற நிலை இழிவானதன்று. அதற்கென்று ஓர் உரிமையும் உண்டு. ஜேர்மானிய மெய்யியலாளர் காண்ட், 1795ஆம் ஆண்டு வெளியிட்ட நிலையான சமாதானம் பற்றிய தமது நூலிலே இதனை எடுத்துரைத்தார். பூமி உருண்டையாதலின் மனிதர் எல்லையின்றி விலகிச் செல்லல் இயலாது. ஒருவரையொருவர் அடுத்தே வாழ்தல் வேண்டும். எனவே எந்நாட்டிற்கும் செல்பவர் பகைவராக நடத்தப்படாதிருக்கும் உரிமை எல்லா மனிதர்க்கும் பொது. ஆயின் இது வருகை தரும் உரிமையே. நீடித்துத் தங்குவதற்கு இருபாலாரும் உடன்படும் தனி ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் வரையறுத்தார். ஐரோப்பிய அரசுகள் பிற நாடுகளுக்கு ‘வருகை’ தந்த முறையைக் கண்டித்தே அவர் இவ்வெல்லையை வகுத்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இவ்வரையறையின் பொருளை எகிப்தின் வரலாறே விளக்கும். பழைய சலுகை ஒப்பந்தங்களின்கீழ் எகிப்திலே வாழ்ந்த ஐரோப்பியர், அந்நாட்டின் நேர்வரிகள் பெரும்பாலானவற்றிலிருந்தும் அந்நாட்டு நீதிமன்றங்களிலிருந்தும் விலக்குப் பெற்றிருந்தனர். 1937ஆம் ஆண்டின் மொன்ற்றே உடன்படிக்கை இந்நிலைக்கு முடிவு கட்டிற்று. வெளிநாட்டார்க்கான கலப்பு நீதிமன்றங்கள் 1949இல் மறைந்தன. ஓர் ஊரின் வீதியையும் நீரையும் அமைதியையும் பயன்படுத்திக்கொண்டு, அவ்வூரின் பொதுச்சுமையிலிருந்து விலகிநிற்பதை எகிப்தியர் அவமதிப்பாகவே கருதினர். ஒருவரது ஊதியம் வேறொரு நாட்டின் வங்கியிலே சேர, அவர் சுற்றுலா விசாவைப் புதுப்பித்தவண்ணம் மாதக்கணக்கிலே தங்குவாராயின், சட்டத்தினால் ஒழிக்கப்பட்ட பழைய சலுகையின் சாயல் நடைமுறையினால் மீள்கின்றது எனலாம்.

4. மறுப்புரைகள்

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். அவர் கூற்றுகள் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

முதலாவது, இவர்கள் அந்நியச் செலாவணியைக் கொண்டுவருகின்றனர் என்பது. வீட்டுச் சொந்தக்காரரும் படகோட்டியும் காய்கறி விற்பவரும் இதனாற் பயனடைகின்றனர். வரிக்குரிய பண்டமொன்றை வாங்குந்தோறும் 14 சதவீதப் பெறுமதி சேர் வரி அரசுக்குச் செல்கின்றது. இது உண்மையே. இவர்கள் வராதுவிடின் லக்சர் மேலும் வறுமையுறும். இரண்டாவது, நாணயம் வீழ்ந்ததற்கு இவர்கள் காரணரல்லர் என்பது. இதுவும் உண்மையே.

ஆயின் இவ்விரு கூற்றுகளும் குற்றமில்லை என்பதை நிறுவுகின்றனவேயன்றிக் கடப்பாடில்லை என்பதை நிறுவவில்லை. கடப்பாடு குற்றத்திலிருந்து மாத்திரம் பிறப்பதன்று. பெற்ற பயனிலிருந்தும் பிறக்கும். திருக்குறள் விருந்தோம்பலை ஓர் அதிகாரத்திலே கூறி, செய்ந்நன்றியறிதலை வேறோர் அதிகாரத்திலே கூறுகின்றது. முன்னையது இல்லத்தார் கடன். பின்னையதை விருந்தினர் கடனாகக் கொள்ளலாம். விலை கொடுத்தேன், ஆதலின் நன்றி வேண்டா என்பது சந்தையின் நியாயம். அவ்விலை குறைந்ததே மற்றவரின் இழப்பினால் என்னும்போது, சந்தையின் நியாயம் முழுமை பெறுவதில்லை.

5. கடப்பாட்டின் இயல்பு

அக்கடப்பாட்டை எவ்வாறு நிறைவேற்றுவது? வருவதைத் தவிர்த்தல் விடையாகாது. நம் நாட்டோடு தொடர்புடைய எகிப்தியர் ஒருவரின் வாழ்க்கை இங்கு வழிகாட்டும். 1876ஆம் ஆண்டிலே கடன்சுமையால் எகிப்தின் நிதி ஐரோப்பியர் கண்காணிப்பின்கீழ் வந்தது. அதன்பின் எழுந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கிய அஹ்மத் உராபி பாஷா, 1882இல் தோல்வியுற்று, 1883இலே தோழர்களுடன் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்து 1901இலேயே தாயகம் திரும்பினார். விரும்பி வந்தவரல்லர் அவர். எனினும் இந்நாட்டு முஸ்லிம்களின் கல்வி முயற்சிகளுக்குத் துணைநின்றார். 1892இல் கொழும்பிலே தோன்றி, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துள்ளது. தாம் தங்கிய ஊரின் தேவையைத் தமது தேவையாகக் கொண்டமையே அவரைப் பிறநாட்டார் என்ற நிலையிலிருந்து உயர்த்திற்று.

எனினும் கொடுப்போர் தாமே தேவையைத் தீர்மானித்தல் ஆகாது. லக்சரின் மேற்குக் கரையிலே இதற்குச் சான்றுண்டு. கல்லறைகளின்மீது குடியிருந்த குர்ணா கிராமத்தாருக்காகக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபத்ஹி 1946 தொடக்கம் புதிய குர்ணாவைக் கட்டினார். மண்கல்லும் கவிமாடமும் முற்றமும் கொண்ட அவ்வீடுகள் வெப்பத்துக்கு ஏற்றவை, வறியோர்க்கு இயன்றவை. ஆயினும் கிராமத்தாரிற் பெரும்பாலோர் அங்கு குடிபெயர மறுத்தனர். அவர்களது வருவாயும் வாழ்வும் பழைய இடத்தோடு பிணைந்திருந்தன. நல்லெண்ணமும் பேரறிவும் கூடக் கேட்டறிதலுக்கு ஈடாகா.

எனவே விருந்தினரின் கடப்பாட்டை மூன்றாகத் தொகுக்கலாம். மலிவின் காரணத்தை அறிதல் முதலாவது. அதனைத் தம் சாமர்த்தியமாகக் கொள்பவர் பேரம் பேசுவதிலும் கடுமை காட்டுவார். நீடித்துத் தங்குபவர் அவ்வூரின் பொதுச்சுமையிலே, வரியாகவோ வேறு வகையிலோ, பங்குகொள்ளுதல் இரண்டாவது. தமது தொழிலறிவை அங்குள்ள இளைஞரோடு பகிர்ந்து, ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற அவர்தம் கோரிக்கைக்குத் துணைநிற்றல் மூன்றாவது. இம்மூன்றாவதே மிக அரியது. ஏனெனில் அது நிறைவேறுமாயின் மலிவு என்பதே காலப்போக்கில் மறையும். தாம் துய்க்கும் நலன் மறைவதற்குத் தாமே உழைக்க இசைவாரா என்பதே இங்கு உண்மையான சோதனை.

இவ்வினா நமக்கும் புறம்பானதன்று. 2022ஆம் ஆண்டு நமது ரூபாய், டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 அளவுக்கு வீழ்ந்தபோது நாமும் ‘மலிவான’ நாட்டினராயினோம். அகங்கமையிலும் வெலிகமையிலும் மடிக்கணினியோடு தங்குவோருக்கு நம் நாடு ஒரு லக்சரே. நம் நாட்டவர் பலரோ, பாலையின் அதே வெப்பத்திலே, வளைகுடா நகர்களின் கட்டடங்களிலும் இல்லங்களிலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். அவர்கள் பாலைக்குச் செல்வது செலவிடுவதற்கன்று. இப்பல்கலைக்கழகத்தை விட்டுச் செல்வோருள் வேறுசிலர் உள்ளூரிலிருந்தே டொலர் ஊதியம் பெறுவர். அவர்கள் பிறந்த ஊரிலேயே விருந்தினராக வாழும் நிலையும் வரலாம். அவர்தம் அண்டைவீட்டாருக்கு விலையேற்றமாக இருப்பது அவர்களுக்கு மலிவாகத் தோன்றும் நாளிலே, அம்மலிவு யாருடைய கொடை என்று வினவுதல் அவர்தம் முதற் கடனாகும்.