கிழட்டுப் படகு

அமெரிக்காவின் ஃபேர்ஹேவனில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் முட்டுக்கொடுத்து, கித்தான் போர்த்திக் கிடந்தது ‘ஸ்ப்ரே’ என்ற பழைய பாய்மரப் படகு. நண்பர் சும்மா கொடுத்த அதை, வேலையில்லாமல் இருந்த கேப்டன் ஜோசுவா ஸ்லோகம் தன் கையாலேயே புதுப்பித்தார். 13 மாத உழைப்பு; சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட். சென்ட் வரை கணக்கு வைத்திருந்தாரே, அங்கேதான் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது!

பக்கத்திலேயே ஓக் மரம் வெட்டி, சட்டங்களை ஆவியில் வேகவைத்து வளைத்தார். நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து வேலையில் பலகை இடுக்குகளுக்குள் முதலில் பஞ்சு, அதன்மேல் சணல் நார். இந்தப் படகில் காசு பார்க்க முடியுமா என்று ஊரார் நச்சரித்தார்கள். பழைய மரத்தில் மிஞ்சியது சொற்பமே. பெயரை மட்டும் அவர் மாற்றவில்லை. 1895-இல் பாஸ்டனிலிருந்து அதில் தனியாளாகக் கிளம்பியவர், உலகைச் சுற்றிவிட்டு 1898-இல் திரும்பினார்.