எண்ணாமல் செய்யும் தீங்கு

ஹைதராபாத்தின் சைனிக்புரியானாலும் சென்னையின் சைதாப்பேட்டையானாலும், சளி பிடித்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு அட்டை வாங்குவது பெரிய காரியமில்லை. சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். இந்த மாத்திரை அதைத் தொடாது. தொடுவது வேறொன்றை. ஏறக்குறைய பத்தில் மூன்று பேரின் மூக்குக்குள் ஸ்டாஃப் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஒரு தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. அதில் மருந்துக்கு அடங்குபவை சாகின்றன. அடங்காதவை மிஞ்சி, காலியான இடத்தில் பெருகுகின்றன. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ வகை பெரும்பாலும் அசித்ரோமைசினுக்கும் அடங்குவதில்லை. மாத்திரை போட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சளியும் தானாகவே போய்விடும். ஆனால் அந்தக் கிருமி கைமாறிக் கைமாறி, எங்கோ டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவரின் ரத்தத்தில் இறங்கலாம். செய்தவனுக்கே வினைப்பயன் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமான கணக்கு. தீங்கு செய்யும் எண்ணமே இல்லாதவர் மேல் பழி உண்டா?

பழைய வழக்குதான். மச்சிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், நாலந்தாவில் நடந்ததாக ஒரு வாதம் வருகிறது. உடலால் செய்வதே பெருங்கேடு என்பது சமணரான மகாவீரரின் இல்லற அடியாரான உபாலியின் கட்சி. மனத்தின் வினையே முதன்மை என்பது புத்தர் கட்சி. உபாலி தோற்று புத்தரிடமே சேர்ந்துவிடுகிறார். பௌத்த நூலாயிற்றே, வேறெப்படி முடியும்? தமிழில் நீலகேசி என்ற காப்பியத்தை இயற்றிய சமணர் விடவில்லை. நான் கொல்லவில்லையே, தின்னத்தானே செய்கிறேன் என்ற பௌத்தச் சமாதானத்தை அவருடைய நாயகி உடைக்கிறாள். எண்ணத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், ஆன்டிபயாடிக் வழக்கில் அத்தனை பேருக்கும் விடுதலை. மருந்து ஆலைகளுக்கும் விடுதலைதான். சைனிக்புரி இருக்கும் அதே ஹைதராபாத்தின் இன்னொரு கோடியில் படான்செரு. அங்கே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர் யோவாகிம் லார்சனின் குழு 2007இல் எழுதியது. சிகிச்சையின்போது நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் அது. கிருமியை வளர்க்கவேண்டும் என்று எவரும் ஆலை கட்டவில்லை. எண்ணிச் செய்ததா, எண்ணாமல் செய்ததா என்ற வித்தியாசம் கிருமிக்குத் தெரியாது.

எனவே இந்த வழக்கில் என் வாக்கு சமணருக்கே. 1847இல் வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்துப் பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் 2 சதவீதமாக இறங்கியது. ஆனாலும் பல மருத்துவர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை. நல்லெண்ணத்தோடு நீட்டிய கை கொன்றது என்பதை யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? பௌத்தர் தரப்பில் ஒரு பதில் உண்டு: தெரிந்தபின் காட்டும் அலட்சியமும் மனத்தின் குற்றம்தான். சரியே. தெரியவில்லை என்று சொல்லவும் நமக்கு வழியில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகலாம் என்று 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தார். மெத்திசிலின் 1959இல் வந்தது. 1961இலேயே அதற்கு அடங்காத ஸ்டாஃப் இங்கிலாந்தில் பிடிபட்டது.

ஒருவரின் மூன்று மாத்திரையால் என்ன ஆகிவிடும் என்பார்கள். 2019இல் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகளுக்கு எம்ஆர்எஸ்ஏவின் எதிர்ப்புத்திறனே காரணம் என்று லான்செட் இதழ் மதிப்பீடு சொல்கிறது. அவரவர் பங்கு பூஜ்யம் என்றால் லட்சம் எங்கிருந்து வந்தது? இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒருநாள் கூலியை விட்டு ஓ.பி. வரிசையில் நிற்க முடியாதவர்தான் மருந்துக் கடையிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார். அவர்மேல் பாவத்தை ஏற்றுவது அநியாயம் அல்லவா? அநியாயம்தான். சமணம் சொல்வதுபோல் வினை எல்லோரிடமும் ஒட்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும், தடுக்கும் வசதி யாருக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் அவரவர் கடன். கூலிக்காரரின் அட்டையையும் ஆலையின் குழாயையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. அப்படியானால் எதையும் செய்யாமல் முடங்கிக் கிடப்பதா என்று கேட்டால், சமணத் துறவி நடப்பதை நிறுத்துவதில்லை. நிலத்தைப் பார்த்து அடிவைக்கிறார். மருத்துவமனையில் அது ஒரு படுக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே கையைச் சுத்தம் செய்துகொள்வது. வார்டு முழுவதற்கும் ஒரே நர்ஸை விட்டு, அதற்கும் நேரம் இல்லாமல் செய்யும் நிர்வாகத்தின் பெயரும் அந்தக் கடன் கணக்கில் ஏறவேண்டும், அந்த நர்ஸின் பெயருக்கு வெகு மேலே.