களத்தில் போட்ட தோல்

எங்கள் வீட்டு அலமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கிறது. ஒரு காலத்தில் மிட்டாய் வந்த டப்பா. அம்மா அதில் விரல் நீளத் தாள்களைப் பீடிபோல் இறுக்கச் சுருட்டி, நெருக்கமாக நிற்கவைத்திருந்தாள். ஒவ்வொரு சுருளிலும் ஒரு வசனம். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவளே எழுதியது. வாக்குத்தத்தப் பெட்டி என்று அதற்குப் பெயர். பரீட்சை, பிரயாணம், பிரசவம், வீட்டில் எது வந்தாலும் அந்த மூடி ஒருமுறை திறக்கும்.

தென்மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷம் முழுக்கக் கண்ணாடி ஓரத்தில் செருகியிருக்கும். வரன் வந்தால் "ஜெபித்துச் சொல்கிறோம்" என்போம். மனை வாங்கவா, ஊழியத்துக்குப் போகவா, வேலையை விடவா என்று குழம்பும்போது, "ஆண்டவரே, ஒரு அடையாளம் காட்டும்" என்று கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்ட ஒரு அடையாளம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறது.

அப்போது எனக்கு வயது 27. மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கர் வேலை கிடைத்திருந்தது. அதே மாதத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. வாய் சற்றுக் கோணினாலும் பேச்சு இருந்தது. வீட்டில் கடனும் இருந்தது. பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில் முழங்காலில் நின்று கேட்டேன்: "நாளைக்குப் பிரசங்கத்தில் ஆபிரகாம் பெயர் வந்தால் போகிறேன். வராவிட்டால் போகமாட்டேன்."

மறுநாள் குருவானவர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். முப்பது நிமிஷமும் நான் அந்த ஒரு பெயருக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிக்கப் போகிற நேரத்தில், வேறெதையோ சொல்ல வந்து, "நம்முடைய தகப்பனாகிய ஆபிரகாம்" என்று ஒரு முறை சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வாரமே சம்மதக் கடிதம் அனுப்பினேன்.

இரண்டாம் வருஷம் அப்பா இறந்துபோனார். விமானம் பிடித்து நான் ஊர் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு மூடி, மேலே பூ வைத்திருந்தார்கள். பூ இன்னும் வாடவில்லை. அங்கே நின்று நான் ஜெபிக்கவில்லை. "நீர்தானே போகச் சொன்னீர்" என்றுதான் சொன்னேன். பல மாதம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோபம் தணிந்த பிறகுதான் கிதியோனின் கதையை நிறுத்தி வாசித்தேன். அடையாளம் கேட்கிற எல்லோரும் அவனைத்தான் சாட்சிக்கு அழைப்போம். மயிருள்ள தோலைக் களத்தில் போட்டான். முதல் ராத்திரி தோலில் மட்டும் பனி, தரை காய்ந்திருந்தது. மறு ராத்திரி தரையெல்லாம் பனி, தோல் காய்ந்திருந்தது. ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து கற்ற கதை. ஆனால், நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் வேறொன்று தெரியும். மீதியானியர் கையிலிருந்து இஸ்ரவேலை நீ விடுவிப்பாய் என்று தேவன் அவனிடம் நேராகவே சொல்லியாகிவிட்டது. அப்போதும் ஒரு அடையாளம் கேட்டான்; கற்பாறையிலிருந்து அக்கினி எழும்பி அவன் வைத்த இறைச்சியைப் பட்சித்தது. ஆவியானவர் அவன்மேல் இறங்கினார், எக்காளம் ஊதினான், ஜனம் கூடிவந்தது. இத்தனையும் ஆன பிறகுதான் தோலை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகிறான். சித்தம் என்னவென்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்யப் பயம். தோலில் கிடைத்த முதல் அடையாளமும் அந்தப் பயத்தைப் போக்கவில்லை. அதனால்தான் இரண்டாவது கேட்டான். இரண்டாவது கேட்கும்போது, கோபித்துக்கொள்ளாதேயும் என்று கெஞ்சவும் செய்கிறான். தான் செய்வது எப்படிப்பட்ட காரியம் என்பது அவனுக்கே உறுத்தியிருக்கிறது.

தேவன் கோபிக்கவில்லை. பயந்தவனைக் கைப்பிடித்து நடத்துகிறவர் அவர். அந்த இரக்கத்தை நம்பித்தான் நாமெல்லாம் இருக்கிறோம். ஆனால், பிறகு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 32,000 பேர் கொண்ட படையை 10,000 ஆக்கி, அதையும் 300 ஆக்கினார். பிறகு ராத்திரியில், உனக்குப் பயமாக இருந்தால் உன் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு மீதியானியரின் பாளயத்துக்குப் போய் என்ன பேசுகிறார்கள் என்று கேள் என்றார். வாற்கோதுமை அப்பம் ஒன்று உருண்டுவந்து கூடாரத்தைக் கவிழ்த்ததாக ஒரு மீதியானியன் சொப்பனம் கண்டிருந்தான். அதைத் தோழனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டதும் கிதியோன் பணிந்துகொண்டு, எழுந்து யுத்தத்துக்குப் போனான். அவன் கேட்டு வாங்கிய பனியால் போகாத பயம், கேட்காமல் வந்த சொப்பனத்தில் போயிற்று. சொல்லப்பட்ட வழியில் இறங்கி நடந்தபோது, நடுவழியில் கிடைத்த அடையாளம் அது.

கதை அதோடும் முடியவில்லை. ஜெயித்த பிறகு, கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களை வாங்கினான். 1,700 சேக்கல் பொன். அதில் ஒரு ஏபோத்தைச் செய்து தன் ஊரான ஒப்ராவில் வைத்தான். ஏபோத்து ஆசாரியனின் உடை. தேவனுடைய சித்தத்தை விசாரிக்கிறவன் அதை அணிந்து நிற்பான். அடையாளம் கேட்டுப் பழகியவன் கடைசியில் பதில் தரும் ஒரு பொருளைத் தன் ஊரிலேயே நிறுத்திக்கொண்டான். அதுவே அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று என்று அந்த ஆகமம் சொல்கிறது. வாக்குத்தத்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வருகிறது.

அப்படியானால் கேட்கவே கூடாதா? ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்டான், கிடைத்தது. ஆனால், அவன் என்ன கேட்டான் என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கேட்டால் எனக்கும் தந்து ஒட்டகங்களுக்கும் வார்க்கிறவளே அந்தப் பெண்ணாக இருக்கட்டும் என்றான். அவனிடம் பத்து ஒட்டகங்கள் இருந்தன. தாகமெடுத்த ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டருக்கு மேல் குடித்துவிடும். முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கனுக்காகத் துரவில் இறங்கிக் குடம் குடமாக மொண்டு ஊற்றும் பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள்? அந்த அடையாளத்துக்குள்ளேயே பெண்ணின் குணம் இருந்தது. கண் திறந்து பார்க்க அவனுக்கு உதவிய அடையாளம் அது. ஆபிரகாம் பெயருக்கும் என் மஸ்கட் வேலைக்கும் அப்படி எந்தச் சம்பந்தமும் இல்லை. கண்ணை மூடிக்கொள்ளத்தான் எனக்கு அது உதவியது.

எதிர்ப்பக்கத்தில் ஆகாஸ் ராஜா நிற்கிறான். ஏசாயா அவனிடம், ஆழத்திலாகிலும் உயரத்திலாகிலும் ஓர் அடையாளம் கேள் என்று சொன்னபோது, நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன் என்றான். கேட்க எவ்வளவு பக்தியான பதில்! அசீரியாவின் உதவியைத்தான் அவன் மனம் நம்பியிருந்தது. அடையாளம் வந்துவிட்டால் மனத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே கேட்பதினாலேயே அவிசுவாசமும் இல்லை, கேட்காததினாலேயே விசுவாசமும் இல்லை. கேட்கும்போது உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பதே காரியம்.

பரிசுத்தவான்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1737 மார்ச்சில், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மிஷனெரியாக இருந்த ஜான் வெஸ்லிக்குச் சோபி ஹாப்கி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்வதா வேண்டாமா என்று தீராத போராட்டம். மொரேவியன் சகோதரரோடு பழகியவர் அவர். சீட்டுப் போட்டுத் தேவசித்தம் அறிவது அவர்களிடம் வழக்கம். இவரும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து மூன்று சீட்டு எழுதினார். கல்யாணம் செய், இந்த வருஷம் வேண்டாம், இனி நினைக்கவே வேண்டாம். மூன்றாவது வந்தது. அடுத்த சில நாளிலேயே அந்தப் பெண் வேறொருவரை மணந்தாள். சீட்டு சொன்னதோடு வெஸ்லியின் மனம் அடங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். சில மாதம் கழித்து அவளுக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார். வழக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே அவர் ஜார்ஜியாவை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. தரங்கம்பாடிக்கும் 1760-இல் மிஷனெரிகளை அனுப்பிய அந்த மொரேவியன் சபை, கல்யாணத்துக்குச் சீட்டுப் போட்டே ஆகவேண்டும் என்ற விதியைப் பொதுச் சபையாருக்கு 1818-இல் நீக்கியது. சீட்டு ஒரு பதிலைத் தந்துவிடும். அந்தப் பதிலைத் தாங்கும் மனத்தை அது தருவதில்லை.

சீட்டிலிருந்து விலகும் இந்த மாற்றம் அப்போஸ்தலர் நடபடிகளில் அழகாகத் தெரியும். முதல் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போடுகிறார்கள், மத்தியாவுக்கு விழுகிறது. இரண்டாம் அதிகாரத்தில் ஆவியானவர் இறங்குகிறார். அதன் பிறகு சபை ஒரு முடிவுக்காகச் சீட்டுப் போட்டதாக அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. புறஜாதியாரை எப்படிச் சேர்ப்பது என்ற பெரிய சிக்கல் பதினைந்தாம் அதிகாரத்தில் வருகிறது. எருசலேமில் கூடி வாதாடுகிறார்கள், சாட்சி கேட்கிறார்கள், வேதத்தைப் பார்க்கிறார்கள், பிறகு பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதி அனுப்புகிறார்கள். 'எங்களுக்கும்' என்ற அந்தச் சொல் என்னை உலுக்கியது. முடிவில் மனிதரின் கையெழுத்தும் வேண்டும் என்று தேவன் விரும்புகிறார். நானோ என் கையெழுத்து அதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

கெத்செமனேயை நினைக்கிறேன். அந்த ராத்திரி இயேசு அடையாளம் கேட்கவில்லை. தமக்கு எது வேண்டும் என்பதை மறைக்காமல் பிதாவிடம் சொன்னார். கூட விழித்திருங்கள் என்று மூன்று நண்பர்களைக் கேட்டார். பிறகே தம் சித்தத்தை ஒப்புக்கொடுத்தார். மொட்டைமாடியில் நின்ற நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை. எனக்குப் போக ஆசை என்று ஆண்டவரிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கீழே படுத்திருந்த அப்பாவிடம், "நான் போகட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படியிறங்கினால் பத்தடி தூரம்.

பல வருஷம் கழித்து அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டிருந்தா, போயிட்டு வாய்யான்னுதான் சொல்லியிருப்பாரு. நீ கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு" என்றாள். நான் எடுத்த முடிவு தவறாக இல்லாமல்கூட இருந்திருக்கலாம். அவரோடு பேசியிருக்க வேண்டிய அந்தப் பேச்சைத்தான் என் அடையாளம் என்னிடமிருந்து பறித்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் டப்பாவைப் பற்றியும் கேட்டேன். "எப்பவாவது அதப் பாத்து முடிவு எடுத்திருக்கியாம்மா?" அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "முடிவ எடுத்தப்புறம்தானய்யா அதத் தொறப்பேன். எடுத்த முடிவச் செய்யத் தெம்பு வேணும்லா." இத்தனை வருஷம் அவள் மூடியைத் திறந்ததைப் பார்த்தேன், எப்போது திறந்தாள் என்பதைப் பார்க்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. டப்பா என் வீட்டில் இருக்கிறது. போன வருஷம் ப்ளஸ் டூ முடித்த என் மகள், நர்சிங் படிக்க வெளியூர் போவதா, பக்கத்துக் கல்லூரியில் பி.காம். சேர்வதா என்று தவித்தாள். ஒரு ராத்திரி டப்பாவோடு வந்து, "அப்பா, ஒண்ணு எடுக்கட்டுமா?" என்றாள். எடுக்கலாம், கொஞ்சம் பொறு என்றேன். உனக்கு எது ஆசை, எது பயம், அதை முதலில் ஆண்டவரிடம் சொல், பிறகு எங்களிடம் சொல் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். நர்சாக இருக்கிற அவள் அத்தையிடம் ஒரு மணிநேரம் போனில் பேசினாள். ரத்தத்தைப் பார்த்தால் வரும் பயத்தைச் சொன்னாள். பாட்டியைக் கடைசி மாதங்களில் கவனித்துக்கொண்டபோது அந்தப் பயம் வரவில்லை என்பதையும் அவளே சொன்னாள். மூன்று நாள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஜெபித்தோம். நான்காம் நாள் நர்சிங் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். அம்மாவின் கையெழுத்தில் இருந்த ஒரு சுருளை எடுத்துப் பிரித்து, தனக்குள் வாசித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். என்ன வசனம் என்று நான் கேட்கவில்லை.