காணாமற் போனவனும் காத்திருப்பவர்களும்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் திருவனந்தபுரம் விமான நிலையத்திற்கு ஓர் இளைஞரின் உடல் வந்து சேர்ந்தது. ராணுவ மரியாதைக்குப் பின் அது பாங்கோடு ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டது. மறுநாள் பத்தனம்திட்டா மாவட்டத்திலுள்ள இலந்தூரில், அவருடைய குடும்பத்தார் வழிபடும் தேவாலயத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. தாமஸ் செரியன் என்னும் அந்த இளைஞர் இறந்தபோது அவருக்கு வயது 22. உயிருடன் இருந்திருந்தால் அன்று அவர் 78 வயது முதியவராக இருந்திருப்பார். இடையில் கழிந்த 56 ஆண்டுகளும் அவர் இமயத்தின் பனிக்குள் கிடந்தார். மகனை எதிர்பார்த்திருந்த பெற்றோர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

1968 பிப்ரவரி 7 அன்று, இந்திய விமானப்படையின் ஏஎன்-12 ரகப் போக்குவரத்து விமானம் ஒன்று 102 பேருடன் சண்டிகரிலிருந்து லே நகருக்குப் புறப்பட்டது. வானிலை மோசமானதால் விமானி பாதி வழியில் திரும்ப முடிவு செய்தார். ரோதாங் கணவாய்க்கு மேலே தொடர்பு அறுந்தது. அதன்பின் விமானம் என்னவாயிற்று என்பது யாருக்கும் தெரியவில்லை. அதில் இருந்தவர்களுள் ஒருவரே தாமஸ் செரியன். ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் 'கிராஃப்ட்ஸ்மேன்' எனப்படும் தொழில்நுட்பப் பணியாளர் அவர்.

முப்பத்தைந்து ஆண்டுகள் மலை மௌனம் காத்தது. 2003-இல் மலையேற்றக் குழு ஒன்று லாஹௌல் பகுதியில் விமானத்தின் சிதைவுகளைக் கண்டது. அதன்பின் ராணுவம் பலமுறை தேடியும், 2019 வரை ஐவரின் உடல்களே கிடைத்தன. 2024 செப்டம்பர் இறுதியில் டோக்ரா ஸ்கௌட்ஸ் வீரர்களும் மலை மீட்புக் குழுவினரும் மேலும் நால்வரின் உடல்களை மீட்டனர். அவர்களுள் ஒருவரே இலந்தூர் இளைஞர்.

இந்த நிகழ்ச்சி ஒரு பழைய கேள்வியை எழுப்புகிறது. இறப்பு கொடியதுதான். ஆனால் இறந்தாரா, இருக்கிறாரா என்று அறிய முடியாமை அதைவிடக் கொடியது என்று அனுபவித்தவர்கள் சொல்கிறார்கள். ஏன் அப்படி? அறிய முடியாத நிலையில் இருப்பவருக்கு எது தர்மம்? காத்திருப்பதா, கைவிடுவதா?

வீட்டில் இல்லாத தேவதத்தன்

பாங்கோட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கிழக்கேகோட்டைக்கு அருகே வலியசாலை இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. அங்குள்ள காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றியே பழைய காந்தளூர்ச் சாலை இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்காக ஒரு கல்விச்சாலை நிறுவியபோது, காந்தளூர்ச் சாலையையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று செப்பேடு தெரிவிக்கிறது. அங்கே பயில வந்த மாணவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட அறிவில் இலக்கணத்தோடு மீமாம்சையும் இடம்பெற்றிருந்தது.

மீமாம்சகர்கள் மாணவர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லிவந்த ஓர் உதாரணம் உண்டு. தேவதத்தன் உயிரோடு இருக்கிறான், வீட்டில் இல்லை, ஆகவே வெளியே எங்கோ இருக்கிறான். இதற்கு 'அர்த்தாபத்தி' என்று பெயர். கண்ணால் காணாத ஒன்றை, அதை ஏற்காவிட்டால் தெரிந்த செய்திகள் பொருந்தாமற் போகும் என்பதால் ஏற்றுக்கொள்ளும் அறிவு முறை இது.

உதாரணம் எளியது. ஆனால் அதன் உயிர்நாடி முதல் வாக்கியத்தில்தான் இருக்கிறது. தேவதத்தன் உயிரோடிருக்கிறான் என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் 'வெளியே இருக்கிறான்' என்ற முடிவு நிற்கும். அது தெரியாதபோது, அவன் வீட்டில் இல்லை என்ற ஒரே செய்தியிலிருந்து எந்த முடிவுக்கும் வர வழியில்லை. 1968-க்குப் பின் 102 வீடுகளில் நேர்ந்தது இதுதான். கண்முன் இருந்த செய்தி ஒன்றே: அவன் வீட்டில் இல்லை. அதற்கு மேல் ஓர் அடி வைக்கவும் அறிவுக்குத் தரை இல்லை.

'இத்தனை காலமாகக் காணவில்லையே, அதனால் இல்லை என்றுதானே பொருள்?' என்று அயலார் கேட்கலாம். இதற்கும் சாஸ்திரம் விடை வைத்திருக்கிறது. குமாரில பட்டரைப் பின்பற்றும் மீமாம்சகர்களும் அத்வைதிகளும் 'அநுபலப்தி' என்பதைத் தனிப் பிரமாணமாக ஏற்கின்றனர். தரையில் குடம் இல்லை என்பதை, குடம் காணப்படாமையைக் கொண்டு அறிகிறோம். ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள். பொருள் அங்கே இருந்திருந்தால் நிச்சயம் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும் என்ற சூழ்நிலை வேண்டும். பட்டப்பகலில் காணாத குடம், இல்லாத குடம். இருட்டறையில் காணாத குடத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

மனிதன் எளிதில் போக முடியாத பனிமலை ஒரு பெரிய இருட்டறை. அங்கே தேடிக் காணவில்லை என்பதால் 'இல்லை' என்று சொல்லிவிட முடியாது. 'வருவான்' என்றும் சொல்ல முடியாது. துக்கம் கொள்ளவும் உரிமையில்லை, நம்பிக்கை கொள்ளவும் ஆதாரமில்லை என்ற இடத்தில் மனம் தொங்குகிறது. இறந்தவருக்காக அழுபவரின் துயரம் நாளடைவில் கரைக்கு வருகிறது. காணாமற் போனவருக்காக அழுபவருக்குக் கரையே தெரிவதில்லை. அறியாமை கொடியதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

துறவிக்கும் வந்த தவிப்பு

'இதெல்லாம் பற்றினால் வரும் துன்பம்; ஞானிக்கு இது கிடையாது' என்று வேதாந்தம் கற்ற சிலர் சொல்லக்கூடும். உடல் பழைய ஆடை, ஆத்மா அழியாதது என்ற உபதேசத்தை அவர்கள் நினைவூட்டலாம். ஆனால் அந்த உபதேசத்தை உலகெங்கும் முழங்கியவரின் வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரத்தில் பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் ஒன்பது நாட்கள் தங்கினார். பின்னர் கன்னியாகுமரி சென்று, சென்னையில் மன்மதநாத பட்டாசாரியரின் விருந்தினராக இருந்தார். அங்கே ஓரிரவு தம் தாயார் இறந்துவிட்டதாகக் கனவு கண்டார். வீட்டைத் துறந்தவர், பரிவிராஜகராகத் திரிந்த காலத்தில் தம் சகோதரத் துறவிகளுக்கும் இருப்பிடம் தெரிவிக்காதவர். ஆயினும் தாயைப் பற்றிய அந்த ஐயம் அவரை வாட்டியது. கல்கத்தாவுக்குத் தந்தி அனுப்பப்பட்டது. விடை வருவதற்குள், மறைந்திருப்பதை அறிந்து சொல்லும் ஆற்றலுடையவர் என்று பேர்பெற்ற ஒருவரிடம் சென்று கேட்கவும் அவர் இசைந்தார். அன்னை நலம் என்று அறிந்த பிறகே மனம் ஆறினார்.

இதை அவர் மறைக்கவில்லை. பிற்காலத்தில் சீடரிடம் தாமே எடுத்துச் சொன்னார். ஞானம் அன்பை வற்றச் செய்வதில்லை என்பதற்கு இது சான்று. அன்பு இருக்குமிடத்தில், அன்புக்குரியவரைப் பற்றிய உண்மையை அறியும் வேட்கையும் இருக்கும். அந்த வேட்கையை வெறும் பற்று என்று தள்ளிவிடுவது வேதாந்தம் ஆகாது. சத்தியத்தை நாடுவதையே வாழ்வாகக் கொண்ட மரபு, ஒரு தாய் தன் மகனைப் பற்றிய சத்தியத்தை நாடுவதை எப்படிக் குறை கூறும்?

அனுமன் காட்டும் வழி

காணாமற் போனவரைத் தேடுவது எப்படி என்பதற்கு நம் மரபின் பேரிலக்கணம் சுந்தர காண்டம். அனுமன் இலங்கை முழுவதும் தேடினான், அரண்மனைகளில் புகுந்து பார்த்தான், சீதையைக் காணவில்லை. அவள் கடலில் விழுந்திருப்பாளோ, அரக்கர் கொன்றிருப்பார்களோ என்றெல்லாம் மனம் அலைந்தது. செய்தியின்றித் திரும்பினால் என்ன நேரும் என்று எண்ணி உயிரைவிடவும் துணிந்தான்.

அங்கே அவன் செய்த பிழை என்ன? காணாமையிலிருந்து இல்லாமைக்குத் தாவியது. அங்கிருந்து அவனை மீட்டது எது? தான் இன்னும் பார்க்காத இடம் ஒன்று உண்டு என்ற நினைவு. தேடாத அசோகவனம் கண்ணில் பட்டதும் ஐயம் விலகி, செயல் தொடங்கியது. பின்னர் இராமனிடம் திரும்பியபோது, பிற செய்திகளையெல்லாம் பின்வைத்து, சீதையைப் பார்த்தேன் என்பதையே அவன் முதலில் சொன்னதாகக் கம்பர் அமைத்தார். காத்திருப்பவரின் மனம் அறிந்த கவிஞர் அவர். ஒரு கணம் கூடுதலான ஐயமும் இராமனுக்கு வேதனை என்று அவருக்குத் தெரியும்.

ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் பனியாற்றில் ஏறிய வீரர்கள் செய்தது இதுவே. இறந்துபோனவர்களின் எலும்புகளுக்காக உயிரோடிருப்பவர்களை ஆபத்துக்கு உள்ளாக்கலாமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. புயலில், பனிச்சரிவு வேளையில் அனுப்பினால் அது அதர்மமே. உரிய காலம் பார்த்து, பயிற்சி பெற்றவர்கள் தக்க ஏற்பாட்டுடன் செல்வது வேறு. அவர்கள் மீட்டு வந்தது உடலை மட்டுமன்று. ஒரு குடும்பம் அரை நூற்றாண்டாகக் கேட்ட கேள்விக்கான விடையை. பணியின்பொருட்டுத் தொலைந்தவனைத் தேடுவது, அவனைப் பணிக்கு அனுப்பியவர்களின் கடன்.

யாரும் தேடாதவர்கள்

எல்லாத் தொழிலாளருக்கும் இந்தக் கடன் செலுத்தப்படுவதில்லை. 1942-43-இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்திற்குக் காட்டை வெட்டி ஜப்பானியர் ரயில் பாதை அமைத்தனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரவர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. அதே காட்டில் மாண்ட தமிழர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. எத்தனையோ தோட்ட வீடுகளில் பெண்கள் வாசலைப் பார்த்தபடியே முதுமை எய்தினர்.

வனம் தொலைவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை 13 அன்று, வலியசாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள தம்பானூர் ரயில் நிலையத்திற்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டைத் தூய்மை செய்ய இறங்கிய ஒரு தொழிலாளி, மழைநீர்ப் பெருக்கில் மறைந்தார். தீயணைப்பு வீரர்கள் மலைபோல் குவிந்த கழிவுக்குள் புகுந்து தேடினர். இரு நாட்களுக்குப் பின் அவர் உடல் தகரப்பறம்பு அருகே கிடைத்தது. நகரம் தான் எறிந்த குப்பையால் ஓர் அடர்காட்டைத் தன் காலடியிலேயே வளர்த்து வைத்திருந்தது. காணாமற் போனபின் தேடுவது பாதிக் கடன். காணாமற் போகாதபடி காப்பது முழுக் கடன்.

காலம் வகுத்த கருணை

தேடியும் கிடைக்காதபோது என்ன செய்வது? முன்னோர் இதற்கும் வழி வைத்தனர். பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் செய்தி இல்லாவிட்டால், தர்ப்பையாலோ பலாச இலைகளாலோ உருவம் அமைத்து ஈமக்கடன் செய்யலாம் என்று தர்ம நூல்கள் விதித்தன. இன்றைய சட்டமும், ஒருவரைப் பற்றி இயல்பாக அறிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழாண்டுகள் தகவல் இல்லையெனில், அவர் உயிருடன் இருப்பதை அவ்வாறு கூறுபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு இதைச் சொல்லியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் இது 111-ஆம் பிரிவு.

ஏழோ பன்னிரண்டோ, அந்த எண்களால் அறிவு பிறப்பதில்லை. ஆறாண்டு முடிவில் தெரியாதது ஏழாண்டு முடிவிலும் தெரியாததே. ஆயினும் அவை பொய்யல்ல. 'அவர் இறந்தார்' என்று அவை சொல்லவில்லை; 'இனி நீங்கள் வாழலாம்' என்று எஞ்சியவர்களுக்கு அனுமதி அளிக்கின்றன. அறிவு வராத இடத்தில் முடிவெடுக்கும் சுமையைத் தனிமனிதரின் தோளிலிருந்து இறக்கிச் சமுதாயம் தான் ஏற்றுக்கொள்கிறது. கணவனைக் கைவிட்டேனோ என்று ஒரு பெண் தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக் கொள்ளாதிருக்க, விதி குறுக்கே வந்து நிற்கிறது.

இதைவிட அழகான ஒன்றும் தர்ம நூல்களில் உண்டு. ஈமக்கடன் கழித்த பிறகு அவர் உயிரோடு திரும்பிவிட்டால், அபசகுனம் என்று விரட்டச் சொல்லவில்லை. புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் செய்வது போலச் சடங்குகள் செய்து ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். முடிவெடுத்தபின்னும் கதவைத் தாழிடவில்லை.

எனவே காத்திருப்பதும் கைவிடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. அறிவில் நேர்மை வேண்டும்: தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். செயலில் துணிவு வேண்டும்: தேட முடிந்த வரை தேட வேண்டும், அதன்பின் எஞ்சியவர்களின் வாழ்வை நடத்த வேண்டும். உள்ளத்தில் இடம் வேண்டும்: வந்தால் வரவேற்கும் இடம். அயலில் இருப்பவர்களுக்கும் ஒரு தர்மம் உண்டு. 'நிச்சயம் வருவான்' என்று பொய்யாக ஆறுதல் கூறுவதும், 'இன்னுமா நினைத்துக் கொண்டிருக்கிறாய்?' என்று கடிந்து கொள்வதும் ஆகிய இரண்டையும் தவிர்த்து, காத்திருப்பவரோடு சிறிது நேரம் உடன் அமர்வது.

2024-இல் மீட்கப்பட்ட நால்வரையும் சேர்த்து ஒன்பது பேரே அந்த மலையிலிருந்து இறங்கி வந்தனர். மற்ற 93 பேர் அப்போதும் பனிக்குள்ளேயே இருந்தனர். மாலையில் விளக்கேற்றும் வீடுகளில், பெயர் தெரியாத அவர்களுக்காகவும் காட்டில் மறைந்த எண்ணற்ற தொழிலாளர்களுக்காகவும் ஒரு கணம் பிரார்த்தனை எழட்டும். அவர்கள் இருக்குமிடம் நமக்குத் தெரியாது. எல்லா இடத்தையும் தன்னுள் கொண்ட பரம்பொருளுக்கு அது தெரியாத இடமன்று.