கூம்பிய கருவிழியும் விடியும்வரை விளக்கும்

கெரட்டோகோனஸ் என்பது கருவிழிப் படலம் மெலிந்து, கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் கூம்பு வடிவில் முன்னே புடைக்கும் நோய். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமனுள்ள அந்தப் படலம் பெரும்பாலும் பதின்வயதில் வடிவம் மாறத் தொடங்குகிறது. முப்பது, நாற்பது வயதுவரை மாற்றம் தொடரக்கூடும். ஒவ்வாமையால் கண் அரித்து, ஓயாமல் கசக்குபவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. புடைப்பு ஒழுங்கற்றது என்பதால் மூக்குக்கண்ணாடி ஓரளவுக்கு மேல் உதவாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் ஒரு விளக்கு இரண்டாக, மூன்றாக, கீழே வழியும் சுடர்க்கற்றையாகத் தெரியும். நிலவும் அப்படியே.

குற்றாலத்தில் இந்நோய் ஒரு சமயக் கேள்வியையும் எழுப்புகிறது. நடராசரின் ஐந்து சபைகளில் திருவாலங்காடு, சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி ஆகிய நான்கிலும் இறைவன் திருமேனியாக நின்று ஆடுகிறார். ஐந்தாவதான குற்றாலம் சித்திர சபையில் அவர் வண்ண ஓவியமாக இருக்கிறார். குற்றாலநாதர் கோயிலை விட்டுத் தனியே, தெப்பக்குளத்துக்கு எதிரே நிற்கும் அந்தச் சபையில் கோடும் நிறமும்தான் மூர்த்தி. தொட்டறியவோ சுற்றிவந்து வடிவை உணரவோ அங்கே வழியில்லை, கண் ஒன்றே வாசல். கோடுகள் இரட்டித்துக் கலங்கும் கண்ணுக்கு எடுத்த பாதம் எங்கே, ஊன்றிய பாதம் எங்கே? 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலில் கற்பூரம் காட்டும்போது ஒரு சுடர் மூன்றாக ஆடினால், கண்டது தரிசனமா? லென்ஸ் போட்டுக்கொண்டு ஒன்றாகக் கண்டால் அது கண்ணின் காட்சியா, கருவியின் காட்சியா?

சைவ சித்தாந்தத்தில் இதற்கு நேரான விடை உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுக்கிறார். மாசற்ற காட்சியில் ஐயமும் திரிபும் இருத்தலாகாது என்கிறார். இந்த அளவையில் இரட்டைச் சுடர் திரிபுதான். ஆனால் திரிபுகள் எல்லாம் ஓரினம் அல்ல. இருட்டில் கயிற்றைப் பாம்பென்று மருள்பவர், அது கயிறென்று தெரிந்த நொடியில் தெளிந்துவிடுகிறார். கண்நோயால் இரண்டு நிலவைக் காண்பவரோ, நிலவு ஒன்றுதான் என்பதை நன்கு அறிந்தவர். அறிந்தபின்னும் அவர் கண்ணுக்கு இரண்டே தெரிகின்றன. ஆகம உரையாசிரியர்கள் இந்த வேறுபாட்டை உறுதியாகப் பற்றிக்கொண்டார்கள். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் வெறும் அறியாமை அன்று, கண்ணை மூடிய படலம் போன்ற ஒரு பொருள்; உண்மையைத் தெரிந்துகொள்வதால் மட்டும் அது போகாது, மருத்துவர் கைவைத்து அகற்றுவதுபோல் தீக்கை என்னும் செயலால்தான் போகும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்குக் கெரட்டோகோனஸைவிட வலுவான சான்று காண்பது அரிது. ‘கவனமாகப் பார்’ என்று சொல்லி அந்தக் கண்ணை யாராலும் திருத்த முடியாது. பள்ளியில் கரும்பலகை தெரியாமல் திட்டு வாங்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: பிழை அதன் கவனத்தில் இல்லை.

எனினும் படல உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. படலத்தை எடுத்து எறியலாம். கூம்பிய கருவிழியில் எடுத்தெறிய ஒன்றுமில்லை. தெளிவாக இருக்கும் கருவிழிப் படலமே வளைந்து போயிருக்கிறது. 1990-களில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான கிராஸ்லிங்கிங் சிகிச்சையில் ரிபோஃப்ளேவின் சொட்டுகளை விட்டு, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் படலத்தை இறுக்குகிறார்கள். அது நோய் மேலும் முற்றாமல் தடுக்கும். இழந்த பார்வையை முழுதாக மீட்டுத் தராது. கருவிழி மாற்று அறுவை மிக முற்றியவர்களுக்கே தேவைப்படுகிறது. மற்றவர்களுக்கு வழி லென்ஸ்தான்.

1888-இல் சூரிக்கில் அடால்ஃப் ஃபிக்கும் பாரிஸில் யூஜின் கால்ட்டும் கண்ணாடியால் செய்த முதல் லென்ஸ்களைக் கண்களில் பொருத்திப் பார்த்தார்கள். கால்ட் நாடியது கெரட்டோகோனஸையே. பொருள் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை. விறைப்பான, வழவழப்பான ஒரு புதுமுகப்பு கருவிழிக்கு முன் நிற்கிறது. இடைவெளியைக் கண்ணீரோ சலைனோ நிரப்புகிறது. மேடுபள்ளத்தின் பெரும்பகுதி அந்த நீரில் கரைந்து, ஒளி ஒழுங்காக உள்ளே போகிறது. மெத்தென்ற சாதாரண லென்ஸ் கூம்பின்மேல் படிந்து தானும் கூம்பிவிடுவதால் பெரும்பாலும் பயன்படாது.

பொருத்தமான லென்ஸ் கிடைப்பது ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. தென்காசிக்காரர் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிறார், அல்லது பொதிகை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணித்துச் சென்னையில் இறங்குகிறார். முதலில் கருவிழியின் வளைவைக் கணினி வண்ண வரைபடமாக எடுக்கிறது. பிறகு சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ‘செமி சாஃப்ட்’ என்று கடைகளில் சொல்லப்படும் விறைப்பான ஆர்.ஜி.பி. லென்ஸை வைத்து, ஃப்ளோரெசின் சாயம் தொட்டு, நீல ஒளியில் பார்த்தால் கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக மின்னும். லென்ஸ் உரசும் இடம் கருத்துத் தெரியும். கூம்பின் நுனியில் கருமை அழுத்தமாக இருந்தால் அந்த லென்ஸ் ஆகாது. நாளடைவில் அங்கே தழும்பு விழும். ஆர்.ஜி.பி. நிற்காத கண்ணுக்கு ஸ்க்லீரல் லென்ஸ். அது கருவிழியைத் தொடாமல் பாலம்போல் தாண்டி, வெண்விழியில் அமர்கிறது. போட்டவுடன் சரியாக இருப்பது சிறிது நேரத்தில் அழுந்தி இறங்கும் என்பதால் நோயாளியை உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும். ஒருவரின் வலக்கண் லென்ஸ் அவரது இடக்கண்ணுக்கே பொருந்தாது. இரண்டாம், மூன்றாம் லென்ஸிலும் கண் உறுத்தினால் மனம் சோர்ந்து பாதியில் விட்டுவிடுவது நடக்கிறது. அது பெரிய இழப்பு, ஏனெனில் அடுத்த அளவு சரியாக அமைந்துவிடக்கூடும்.

சித்தாந்தத்தில் லென்ஸுக்குரிய இடம் மருத்துவரின் கத்திக்கு உரியது அன்று, விளக்குக்கு உரியது. மாயையிலிருந்து வரும் உடலும் கருவிகளும் மலத்தை நீக்குவதில்லை. மல இருள் இருக்கும்போதே உயிருக்குச் சிறிது அறிவு விளங்கத் துணைநிற்கின்றன. உமாபதி சிவம் திருவருட்பயனில் மாயையை விடியும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிடுவது இதனால்தான். அந்தந்த உயிரின் வினைக்கும் பக்குவத்துக்கும் ஏற்பவே தனு (உடல்), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) அமைகின்றன என்பதும் அந்நெறியின் கொள்கை. விளக்கிலும் ஆளுக்கொரு அளவு உண்டு. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதினோராம் நூற்பா இன்னும் ஆழமாகப் போகிறது: கண் தானே காண்பதில்லை, உயிர் காட்டக் காண்கிறது, உயிரும் இறைவன் காட்டவே காண்கிறது. அப்படியானால் கண்ணும் கருவி, லென்ஸும் கருவி. ஊனால் ஆனது, பிளாஸ்டிக்கால் ஆனது என்ற வேற்றுமை காண்பவனைத் தொடுவதில்லை. லென்ஸ் வழியே கண்ட தரிசனம் குறைவுபட்டது என்று சொல்ல இந்நெறியில் இடமில்லை. மூன்று சுடராகக் கண்டு கைகூப்பியதும் தரிசனம்தான், ஏனெனில் காட்டுபவர் இரு நிலையிலும் ஒருவரே.

குற்றாலத்தில் ஒரு நடைமுறைக் கட்டுப்பாடு மட்டும் மீற முடியாதது. சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவது வழக்கம். லென்ஸோடு அருவியில் நிற்கக் கூடாது. ஆற்றுநீரிலும் குழாய்நீரிலும் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் தங்கினால் கருவிழியைப் புண்ணாக்கி, பார்வையையே பறிக்கக்கூடும். குளித்து, தலையை ஈரம் போகத் துவட்டி, சோப்புப் போட்டுக் கைகழுவி உலர்த்திய பிறகே லென்ஸைத் தொட வேண்டும். ஸ்க்லீரல் லென்ஸைச் சிறு ரப்பர் உறிஞ்சியின் முனையில் கிண்ணம்போல் நிறுத்தி, புதிதாகத் திறந்த சலைனை விளிம்புவரை நிரப்பி, முகம் தரையைப் பார்க்கக் குனிந்து, இமைகளை விலக்கிக் கண்ணை அதில் பதிக்கிறார்கள். குமிழி ஒன்று சிக்கினாலும் கழற்றி மறுபடி போட வேண்டும். சரியாக அமர்ந்தால் சபையின் கோடுகள் ஒற்றையாகின்றன. இரவு படுக்குமுன் கழற்றியாக வேண்டும். மறுநாள் விடிகாலைப் பூசைச் சுடர், லென்ஸ் போடும்வரை, மூன்றாகவே தெரியும்.