மலையேறினால் மனம் விரியுமா?

எங்கள் வட்டவடையில் ஓட்டு கேரளத்துக்கு, பேச்சு தமிழ். தலைமுறைகளுக்கு முன் கிழக்கேயிருந்து மலையேறி வந்தவர்கள் விதைப்பூண்டோடு சாதியையும் மூட்டை கட்டித்தான் வந்தார்கள். பட்டியல் சாதியினருக்கு முடிவெட்ட மறுத்த ஊர் இது. 2020இல் பஞ்சாயத்தே பொது முடிதிருத்தகம் திறக்க வேண்டியதாயிற்று. அதனால் புலம்பெயர்ந்தவனுக்கு மனம் விரியும் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

தீபா மேத்தாவின் ‘ஃபன்னி பாய்’ (2020) பார்த்தபோதும் இதே நினைப்புதான். ஷியாம் செல்வதுரை 1994இல் எழுதிய நாவலின் திரைவடிவம் அது. கொழும்புத் தமிழ்ப் பையன் ஆர்ஜி. பெண்பிள்ளைகளின் கல்யாண விளையாட்டில் சேலை சுற்றிக்கொண்டு மணப்பெண்ணாக நிற்பது அவன்தான். பெரியவர்கள் நடுவே அவனை இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். கூடம் சிரிக்கிறது, பெற்றவர்கள் குன்றிப்போகிறார்கள். வளர்ந்தபின் அவன் மனம் போவது ஷெஹான் என்ற சிங்களப் பையனிடம். 1983இல் தமிழர்களுக்கு எதிராக வெடித்த கலவரம் குடும்பத்தைக் கனடாவுக்கு விரட்டுகிறது.

படத்தில் தமிழ் உச்சரிப்பு சரியில்லை என்று தமிழர்கள் கொதித்தார்கள். நியாயம்தான், தமிழ் பேசும் நடிகர்களுக்கா பஞ்சம்? ஆனால் அந்தச் சண்டை, ஆர்ஜியின் காதலைப் பற்றி வாய் திறக்காமல் நழுவவும் நமக்கு வசதியாகிவிட்டது. அடிபட்ட சமூகம் தன் பிள்ளையிடம் “இப்போ இதுதான் முக்கியமா?” என்று கேட்கும். அந்த ‘இப்போ’ முடிவதே இல்லை.

கனடாவில் 2005 முதல் ஒருபால் திருமணம் செல்லும். இங்கே ஒருபால் உறவே 2018இல்தான் குற்றமில்லை என்றாயிற்று. 2023இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்துவிட்டது. விசா கிடைத்தவன் தப்பிப்பான். மற்றவர்கள்?

ஜியோ பேபியின் ‘காதல் தி கோர்’ (2023) எனக்கு நெருக்கமானது அதனால்தான். மம்மூட்டி நடித்த மாத்யூ எங்கும் ஓடவில்லை. சொந்த ஊரில் இடைத்தேர்தலில் நிற்கிறான். மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்க, அவன் மனம் ஆணிடம் போகும் விஷயம் ஊருக்கே தெரிகிறது. ஓமனா இழந்த இருபது வருஷத்தையும் படம் மறக்கவில்லை. 2025இல் தமிழில் ‘காதல் என்பது பொதுவுடமை’ வந்தது. தன் காதலியைப் பற்றி அம்மாவிடம் சொல்லும் மகளாக நடித்தவர் எங்கள் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டுப் பெண், லிஜோமோள் ஜோஸ்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து சொன்னால் வெளிநாட்டுக்கு வழி பார்க்காதீர்கள். உட்காரவைத்துச் சோறு போடுங்கள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.