விட்டுப்போன ஐந்தாம் வசனம்
(பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு)



முதல் வாசகத்தில் யோபுவைக் கேட்டீர்கள். எப்போது விடியும் என்று இரவெல்லாம் புரண்டு படுக்கிறார். வீட்டுக்குப் போனதும் யோபு நூலின் ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இங்கே நான்காம் வசனத்திலிருந்து நேரே ஆறுக்குப் போய்விட்டோம். விட்டுப்போன ஐந்தாம் வசனத்தில்தான் அவர் தம் தோலைப் பற்றிப் பேசுகிறார். சாம்பலில் உட்கார்ந்து, ஓட்டுச் சில்லால் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

சில வாரங்களுக்கு முன் ஓர் அம்மா, பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, "சாமி, இந்தக் கையைப் பாருங்க" என்றார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம். தடிப்பு இல்லை, புண் இல்லை. நகம் கீறிய கோடுகள் மட்டும். ஐந்து மாதமாக ஒரே அரிப்பு, சரியான தூக்கம் கிடையாது. வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று, தேங்காய் எண்ணெய் தடவியாயிற்று. ஒருவர் செய்வினை என்றாராம். இன்னொருவர், "பழைய பாவம் ஏதாவது பாக்கி இருக்கும், பாவசங்கீர்த்தனம் பண்ணு" என்றாராம். அப்படிச் சொன்னவர் நம் பங்கைச் சேர்ந்தவர் என்பது எனக்கு மிகவும் வலித்தது.

யோபுவின் நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். ஏழு பகல், ஏழு இரவு வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, துன்பத்துக்குப் பாவத்தைக் காரணம் காட்டினார்கள். கடைசி அதிகாரத்தில் ஆண்டவரின் சினம் அவர்கள்மீதுதான் மூண்டது.

அந்த அம்மாவைத் தோல் மருத்துவர் நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். தோலில் கோளாறே இல்லையாம். கழுத்தில் நரம்பு நெருக்குப்பட்டாலும் முன்கை அரிக்குமாம். வெயில் பட்டால் கூடுமாம். துணியில் சுற்றிய ஐஸ் தணிக்கும், சொறியச் சொறிய ஏறும். இன்னும் சிலருக்குச் சிறுநீரகமோ ஈரலோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். அரிப்பைச் சின்ன வலி என்றே வெகுகாலம் நினைத்தார்கள். அதற்கென்றே தனி நரம்பிழைகள் மனித உடலில் உண்டென்று ஆய்வாளர்கள் காட்டியதே 1997இல்தான். ஆகவே ஆறு வாரத்துக்கு மேல் அரிப்பு நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். ஜெபம் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மருந்துக்கும் அடங்காத அரிப்போடு இங்கே சிலர் உட்கார்ந்திருப்பீர்கள். புனித பவுலின் உடலிலும் ஒரு முள் தைத்திருந்தது. மூன்று முறை மன்றாடியும் ஆண்டவர் அதை எடுக்கவில்லை. தம் அருளைக் கொடுத்தார். முள் நீங்காததால் பவுலின் ஜெபம் தோற்றுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் ஜெபமும் அப்படித்தான்.

இன்றைய நற்செய்தியில் சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். என்ன பாவம் செய்தாய் என்று இயேசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், கையைப் பிடித்துத் தூக்கினார்.

இன்று உங்கள் வீட்டில் யாராவது கையை நீட்டி, "அரிக்குது" என்றால், "ஒண்ணுமே தெரியலையே" என்று சொல்லித் திரும்பிவிடாதீர்கள். அந்தக் கையைப் பிடித்துப் பாருங்கள். நாளைக்கு மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.